வானம் இல்லாத குடில்

இந்த மண்ணில் பிறந்தவர்தான் என்று சொல்லும் நேட்டிவிட்டி சான்று கேட்டு மனு கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. இன்று வேட்டிக்கு நீலம் கரைத்தபோது அந்த விதியோடு சேர்ந்தே அக்காவும் நினைவுக்கு வந்தாள்.

கேரளத்துத் தேவிகுளம் மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு அக்காதான் படம் வரைவாள். துணிக்குப் போடும் நீலத்தில் வானம், தேயிலைச் சாயத்தில் மலை.

“ஏட்டி, மாதாவுக்கு எம் மூக்கையா வெச்ச?” என்பாள் அம்மா.

“வேற யாரும் அசையாம இருக்கலியேம்மா!”

ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சான்று மட்டும்தான் பாக்கி. அக்கா பிறந்த தலைப்பிரசவத்துக்கு அம்மா மலையிறங்கித் தமிழ்நாட்டுப் போடிக்குப் போயிருந்ததால், அலுவலகம் அக்காவை வெளியூர்க்காரி என்று சந்தேகித்தது. ‘விசாரணையில் உள்ளது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பின்னாளில் அரசு வேலையில் நானும் அதையே எத்தனையோ மனுக்களில் எழுதினேன்.

சான்று வந்தது, அவள் கொழுந்தெடுக்கப் போன இரண்டாம் வருடம், வானம் இல்லாமலே நாங்கள் குடில் வைத்த டிசம்பர் இருபத்துநான்காம் தேதி.