வெளுக்காத துணி வைத்த தொட்டி

என் வீட்டுக்காரருடைய முதல் திதியை ஊரில் முடித்துவிட்டு இன்று காலைதான் மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன்.

வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் அவர் வளர்த்த செடிகள்தான். ஒன்றுகூடச் சாகக் கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் போகும் முன், நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் வேஸ்ட் துணி வாங்கி நாடாவாகக் கிழித்து, ஒரு முனையை வாளித் தண்ணீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் வைத்தேன். துணியே தண்ணீரை உறிஞ்சிக் கொடுத்துவிடும்.

"செடிக்கெல்லாம் பனியன் போட்டு உடறீங்களாக்கும்" என்று பக்கத்து வீட்டு சரசக்கா சிரித்தார்.

இன்று பூட்டைத் திறந்தால் எல்லாம் பச்சையாக நிற்கின்றன.

அவர் கடைசியாக வைத்த குரோட்டன்ஸுக்கு மட்டும் அவசரத்தில் வெளுக்காத துணியை வைத்திருக்கிறேன். பிளீச்சிங் போகாத துணி தண்ணீர் குடிக்காது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். நாடா காய்ந்துதான் கிடந்தது. ஆனால் மண் ஈரமாக இருந்தது. இலையிலும் சொட்டு நின்றது.

கதவுச் சத்தம் கேட்டு சரசக்கா வந்தார். "ஏனுங்க, நேத்து சாயந்தரமே வந்துட்டீங்களாக்கும்? உள்ள தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு. கூப்ட்டேன், நீங்க பேசவே இல்லீங்க."

"இல்லக்கா, இப்பத்தான் வாரேன். சாவி எங்கிட்டதான இருக்கு."

அக்கா செடியையே பார்த்தார். பிறகு வாசற்படி இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மறுபடி ஊருக்குப் போகணும். அந்தத் தொட்டிக்கு வெளுத்த துணியை மாற்றி வைப்பதா, இப்படியே விடுவதா? செடி வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மாற்ற மனசு வரவில்லை.