கம்ப்யூட்டருக்கு வளர்த்த கோழிக்கொண்டை

ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கு வைக்க நம் வீட்டுப் பூவே வேண்டும் என்று பால்கனித் தொட்டியில் கோழிக்கொண்டை வளர்த்தேன். இன்னும் பூக்கவில்லை. இன்று காலை பார்த்தால் செடிகள் மொட்டை.

"கீரை தளதளன்னு இருந்துச்சு, பொரியல் பண்ணிட்டேன்" என்றார் கணவர். பாதி வாணலி காலி.

அழகுக்கு வைத்த செடியாயிற்றே, விஷமாக இருந்தால்? எதிர் ஃபிளாட் கன்னடக்கார அக்காவிடம் ஓடினேன்.

"ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆகாது! இதோட எளசு இலைய நாங்க பருப்புல போட்டு சாப்பிடுவோம்" என்று சிரித்தார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

ஆள் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நிம்மதியாகத் திட்டவே முடிந்தது.

பூ இல்லை. பாதிப் பொரியல் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அதையே படைத்துவிடலாமா, சொல்லுங்கள்.