இரண்டு வரப்பும் நடந்து பார்த்த நோர்மன்

நோர்மனுக்கு ஒரு விஷயம் தலைக்குள் ஏறிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. 2010 சித்திரையில் வானொலிச் செய்தி கேட்டவர், மட்டக்களப்பில் தன் கொல்லுப்பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, கரடியனாற்றுக்கு மோட்டார் சைக்கிளை முறுக்கினார். பறங்கி மனுசன், அறுபது வயது, வழியெல்லாம் பாட்டு வேறு!

கரடியனாற்றில் இராசதுரையும் மச்சான் விஜிதரனும் அடுத்தடுத்த வயல்காரர்கள். பன்றிக்கென்று இருவரும் வரப்பில் கட்டுத்துவக்கு வைத்திருந்தார்கள். கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதற்குக் குழாய் செய்து கொடுத்ததே நோர்மன்தான். இரவில் கட்டி விடியக் கழற்றுவது வழக்கம். ஒருநாள் மறந்ததில் விஜிதரனின் பசு செத்தது. இராசதுரையின் மகள் தனுஷா பள்ளிக்கூடம் போவதும் அதே வரப்பால்தான். இருந்தும் அடியோடு கழற்றிப்போட மாட்டார்கள். ஒருவன் கழற்றினால் பன்றியெல்லாம் அவன் வயலுக்குத்தானே வரும்!

"அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டைக் குறைக்கக் கையெழுத்துப் போட்டுட்டாங்க! ஒருத்தன்ட நாட்டுக்க மற்றவன் போய் எண்ணிப் பாக்கலாமாம்!" என்று வந்ததும் கத்தினார்.

"அதுக்கு நமக்கென்னகா?" என்றான் இராசதுரை.

"சுனாமியில என்ட மனுசி டெனீஸ் போனா. கடலோட பேச ஏலுமா? குண்டு மனுசன் செய்யிறது. ஒண்டு விழுந்தா ஒரு பட்டினமே சாம்பல். ஆனா மனுசனோட பேசலாம். நீங்களும் ஒண்டாக் கழட்டுங்க. நான் நடந்து பாக்கிறன்."

மறுநாள் காலை இருவரும் துவக்குகளைக் கொண்டுவந்து போட்டார்கள். நோர்மனுக்குப் பெருமை பிடிபடவில்லை. விசிலடித்தபடி இராசதுரையின் வரப்பில் விறுவிறென்று இறங்கினார்.

"நில்லுங்க அண்ணே! காலை வைக்காதீங்க! கம்பி கிடக்கு!"

அலறியது இராசதுரை. புல்லுக்குள் ஒன்றை ஒளித்திருக்கிறான் பாவி. கழற்றப் போனால் தெரிந்துவிடும் என்று கட்டியபடியே விட்டிருக்கிறான். நோர்மன் செய்த குழாய் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா கள்ளனை!" என்று விஜிதரன் குதித்தான். "இவனை நம்பி நான் கழட்டினனே!"

நோர்மன் பின்வாங்கி, விஜிதரனின் வரப்பை நோக்கிக் காலைத் தூக்கினார்.

விஜிதரனின் சத்தம் பட்டென்று நின்றது. "அண்ணே... கொஞ்சம் பொறுங்க," என்றான் தொண்டைக்குள்.

தூக்கிய காலோடு நின்றபடியே நோர்மன் சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. "எண்ணிப் பாக்கோணும் எண்டு அவங்க ஏன் எழுதிவச்சாங்க எண்டு இப்ப விளங்குதா? ஓடிப்போய்க் கழட்டுங்கடா, ரெண்டு பேரும்!"