அத்தாவின் பெயர் போட்ட கல்

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு வராது. எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் அண்ணன் மகள் குடும்பத்தின் முன்னோர்களைத் தேடுகிறாளாம். திருவண்ணாமலைக் கபர்ஸ்தானில், அதாவது எங்கள் இடுகாட்டில், இருக்கும் நம் வீட்டுக் கல்லறைக் கல்லையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். என் மகன் எடுத்துவந்தான். அதில் ஒரு படத்தைப் பார்த்ததும் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது.

அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வயது எனக்கு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எனக்குப் பெரியத்தா, பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வம்சம் தேடுவதில் அவருக்கு ஒரு பைத்தியம்.

“வீட்ல கேட்டா ஆளுக்கொரு கதை விடுறாங்க. கல்லுதான் மாத்திப் பேசாது” என்பார்.

யாருடைய மகன், எந்த வருடம், பக்கத்துக் கல் யாருடையது என்று பார்த்தே உறவைப் பிடித்துவிடுவார். ஆனால் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. சின்னப் பிள்ளைதானே என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அத்தா அப்போது கடையில் இருந்தார்.

பெரியத்தா தேங்காய் நாரால் கல்லைத் தேய்ப்பார், நான் படிப்பேன். தாத்தாவின் கல்லைப் படித்ததும் “கெட்டிக்காரி” என்று முதுகில் தட்டினார். அந்தப் பெருமையோடு, அவர் வேலிக்காத்தான் முள்ளை விலக்கிக் காட்டிய இன்னொரு கல்லையும் உரக்கப் படித்தேன். அத்தாவின் பெயர். அதன் கீழே ‘மனைவி’.

எங்கள் வீடுகளில் அப்போது பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டமாட்டார்கள். வேற்று ஆண்கள் வாசிக்கக்கூடாதாம். இன்னார் மனைவி, இன்னார் மகள், அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும். அத்தாவின் மனைவி என்றால் அம்மா. கல்யாணத்துக்கு முன்பே பத்திரிகை அடிப்பதில்லையா, அதுபோல் சாவுக்கும் முன்கூட்டியே கல் வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பெரியத்தா கல்லில் இருந்த வருடத்தைத் தடவிப் பார்த்தார்.

“உங்கண்ணனுக்கு என்னா வயசு?”

சொன்னேன். அவர் முகம் மாறியது.

“வீட்ல இதைப் பத்திப் பேசாத கண்ணு.”

அப்படிச் சொன்னதும் பயம் ஜாஸ்தியாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவை விட்டு நகரவில்லை. அவள் இருமினால் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

“என்னாடி, பல்லி மாதிரி ஒட்டிக்கினே இருக்கே? அடுப்புல விழப்போறே, தள்ளு!”

இன்னும் எத்தனை நாள் இப்படித் திட்டுவாளோ என்று அழுகை முட்டியது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறிவிட்டு, “தலை வலிக்குது, கொஞ்சம் படுக்கிறேன்” என்று எழுந்தாள்.

“படுக்காதம்மா! உனக்குக் கல்லு நட்டு வச்சிருக்காங்க!”

அண்ணன் சிரித்தான். “அம்மாவுக்கா? ஏன், குழம்புல உப்பு கம்மின்னு நீயே நட்டியா?”

“இல்ல, அத்தா பேரு போட்டு மனைவின்னு இருக்கு. நானே படிச்சேன். பெரியத்தாவைக் கேளு.”

அத்தாவின் கை தட்டிலேயே நின்றது. பெரியத்தா தண்ணீர் குடிப்பதுபோல் சொம்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அம்மாவுக்கும் சாகப் பயம் என்றுதான் நினைத்தேன். அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன், புரியவில்லை.

அண்ணனைப் பெற்ற அன்றே இறந்துபோனவர் அத்தாவின் முதல் மனைவி என்பதும், கைக்குழந்தையாக அவனை வாங்கி அம்மா வளர்த்தாள் என்பதும், அது அவன் காதில் விழவே கூடாதென்று வீடே வாய்மூடி இருந்தது என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இனி அவன் தன்னை அம்மா என்று கூப்பிடுவானா என்பதுதான் அன்று அவளுடைய பயம்.

மறுநாள் காலை அண்ணன் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கபர்ஸ்தானுக்குக் கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்டச் சொன்னான். வருடத்தைப் படித்தான், அவன் பிறந்த வருடம். வீட்டுக்கு வந்து, “பசிக்குதும்மா” என்றான். அம்மா தோசை ஊற்றினாள்.