எங்கள் காட்டில் அவர்கள் ஸ்டேஷன்

ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயர் வைக்க முறை உண்டு. நிலம் எந்தக் கிராமத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தக் கிராமத்தின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே பெயரில் வேறெங்கும் நிலையம் இல்லையென்று பார்க்க வேண்டும். கலெக்டரின் சம்மதத்தைப் பெற வேண்டும். பிற்காலத்தில் தாலுகா கச்சேரியில் நில எடுப்பு வேலை பார்த்துத் தலை நரைத்தவன் என்பதால் சொல்கிறேன். முறைப்படி நடந்திருந்தால், எங்கள் நிலக்கடலைக் காட்டை எடுத்துக் கட்டிய ஸ்டேஷனுக்குப் பனங்காட்டூர் என்று எங்கள் ஊர்ப் பெயரே வந்திருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

மேட்டூரில் அணை வேலை நடந்தபோது சேலத்திலிருந்து ஓமலூர் வழியாகப் பாதை போட்டார்கள். எங்கள் காட்டில் ஒரு தகரக் கூரையும் சரளைக்கல் மேடையும் எழுந்தன. பெயர்ப் பலகை நட்ட அன்று அப்பா சலவை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, முதல் ஆளாகப் போய் நின்றார். பலகையை மூடியிருந்த சாக்கை விலக்கினார்கள். பலகையில் ‘செம்மேட்டுப்பட்டி’ என்று எழுதியிருந்தது.

செம்மேட்டுப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். என் அம்மா பிறந்த ஊர். என் தாய்மாமா அங்கேதான் இருந்தார். அவருக்கும் அப்பாவுக்கும் என் காதுகுத்திலிருந்தே பேச்சு இல்லை. அவர் கொண்டுவந்த சீரை மேளத்தோடு எதிர்கொள்ள அப்பா போகவில்லை என்பது மாமாவின் புகார். அது மேளம் வைக்கிற அளவுக்கான சீரே இல்லை என்பது அப்பாவின் பதில். அன்றோடு அம்மா பிறந்த வீட்டுக்குப் போவதும் நின்றுபோனது.

நிலம் எங்களுடையது, பெயர் அவர்களுடையது என்றானதும் மாமா ஒரு குடை வாங்கினார். தினமும் காலை ரயிலுக்கு வந்து நின்று, இறங்குகிறவர்களையெல்லாம், “வாங்க, வாங்க, எங்க ஊருக்கு வாங்க” என்று வரவேற்பார். அளவெடுக்க வந்த அதிகாரிக்குத் தான் போட்ட கோழி விருந்தைப் பற்றியும் சொல்வார். அப்பா பதிலுக்கு ஓர் உத்தரவு போட்டார். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்த மேடையில் கால் வைக்கக் கூடாது.

அந்த உத்தரவு என் தலையில்தான் விடிந்தது. எனக்குச் சேலத்து ஹைஸ்கூலில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன முதல் பையன் நான். காலை ரயில் மேட்டூர்ப் பக்கமிருந்து வரும். நான் விடியுமுன் எழுந்து, சேலத்துக்கு எதிர்த்திசையில், அடுத்த ஸ்டேஷன்வரை நடந்துபோய் அங்கே ஏறுவேன். ரயில் என்னைச் சுமந்துவந்து எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு எதிரே நிறுத்தும். எங்கள் நாய் என்னைக் கண்டு வாலாட்டும். தூரத்து ஸ்டேஷனில் வாங்கிய சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு நடுவில் ஏறலாம் என்று ரயில்வே விதி அனுமதித்தது. அப்பா அனுமதிக்கவில்லை.

எங்கள் கொட்டகைக்கு எதிரே அந்த மேடையில்தான் மாமாவின் மகன் ஏறுவான். எங்கள் வரப்பில் நடந்துதான் அவன் தன் ஸ்டேஷனுக்கு வருவான். தூங்கி எழுந்த முகத்தில் எண்ணெய் மினுங்கும். கால்சட்டையில் ஒரு துளி சேறு இருக்காது. சீசன் டிக்கெட்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்துத் தாலியைப் போலக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். “எங்க டேசன்ல ரயிலு கொஞ்சம் நிக்கும்டா, பயப்படாதே” என்பான். அவனுடைய தூக்கத்தின்மீது, அவனுடைய கால்சட்டையின்மீது, அந்தக் கயிற்றின்மீது எனக்கு இருந்த பொறாமையைப் பாடத்தின்மீது வைத்திருந்தால் நான் கலெக்டராகவே ஆகியிருப்பேன்.

ஐப்பசி மழையில் ரயிலைத் தவறவிடுவது அடிக்கடி நடந்தது. இன்னொரு நாள் பிந்தினால் பெயரை அடித்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மறுநாளே ஓடையில் வெள்ளம் வந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போகும் வழி அறுந்தது. “பள்ளிக்கூடம் போனது போதும், மாட்டைப் பாரு” என்று சொல்லிவிட்டு அப்பா வரப்பு உடைப்பைப் பார்க்கப் போனார்.

அம்மா சாணிக் கையைக் கழுவினாள். என் கையைப் பிடித்துக் காட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு நடந்தாள். மேடையில் ஏறிய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று எனக்கு உறைத்தது. மாமா குடைக்குள் இருந்து பார்த்தார்.

“ஏனம்மிணி, இது எங்க ஊரு டேசனாச்சே. உன்ற ஊட்டுக்காரரு உட்டுட்டாரா?”

“பையனை ஏத்தியுட வந்தேனுங்ணா. உங்க டேசனைத் தூக்கிட்டுப் போக வரலீங்க.”

ரயில் வந்து நின்றபோது அப்பாவும் மண்வெட்டியோடு சேறும் சகதியுமாக வந்துவிட்டார். மேடையில் ஏறாமல் கீழேயே நின்றார்.

“எறங்கி வாடா. ஆபீசருக்குக் கோழி அடிச்சுப் போட்டு வாங்கின பேரு அது. அதுக்கடியில என்ற மகன் நிக்கறதா?”

“அடிச்சுப் போட்டனுங்க மாப்ளே. ஏனுங்க, உங்க ஊர்ல கோழியே இல்லீங்களா?” என்றார் மாமா. பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றாள் அம்மா. அதற்குமுன் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “பேரு அண்ணன் வாங்கினதில்லீங்க. நாந்தான் சொன்னேன்.”

சிரிப்பு நின்றது.

“களை எடுத்துட்டு இருந்தேன். அளக்க வந்த தொரை, இந்த எடத்துக்கு என்ன பேரும்மான்னாரு. நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்க. செம்மேட்டுப்பட்டின்னேன். எழுதிக்கிட்டாருங்க.”

மாமாவின் குடை ஒரு பக்கம் சாய்ந்து அவர் தோள் நனைந்தது. அப்பா அம்மாவையே பார்த்தார். “தொரையைப் பார்த்த பயத்துல வாய் தவறிருச்சாக்கும்” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. ஆமாம் என்று அவள் சொன்னால் போதும் என்பதுபோல் இருந்தது.

“இல்லீங்க. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

கார்டு விசில் ஊதினார். போர்ட்டர், “ஏறு சாமி, ஏறு” என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், “ஏறுடா” என்றார்.

உள்ளே மாமா மகன் ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். நான் கேட்கக்கூட இல்லை. பெயர் என் அம்மா கொடுத்தது; ஆகவே ஸ்டேஷன் எங்களுடையது. அவன் வீட்டுக் கோழி வீண். கழுத்துக் கயிறும் வீண். இந்தக் கணக்கை அவனிடம் போடுவதற்கு முன், ஊரை ஆளும் மகாராணியைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டினேன்.

அப்பா எங்கள் வரப்பில் போய்க்கொண்டிருந்தார். மாமா ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அம்மா மழையில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் முகத்தை உயர்த்தி, முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா!” என்று கத்திக் கையை ஆட்டினேன். அவள் திரும்பவில்லை. ரயில் நகர்ந்தது.

அவ்வளவு நாள் மாமா மகன்மீது இருந்த பொறாமையெல்லாம் அவனை விட்டு இறங்கி, சாயம் பூசிய அந்த மரப்பலகையின்மீது போய் உட்கார்ந்தது. பெற்ற பிள்ளை கூப்பிடுவது காதில் விழாத அளவுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எரிச்சலோடு யோசித்துக்கொண்டே சேலம் போய்ச் சேர்ந்தேன்.