மகார் துபோவிக்கின் நூறாவது கோல்

எங்கள் பிளைவுட் ஆலை அணியின் ஐம்பதாம் ஆண்டு மலர் போன வாரம் வந்தது. வழவழப்பான தாள், முதல் பக்கம் முழுக்க கிளப் டைரக்டரின் சிரிப்பு. முப்பத்தெட்டாம் பக்கத்து மூலையில் இரண்டே வரி: "மகார் துபோவிக், முன்கள வீரர். பதினான்கு பருவங்கள், 99 கோல்கள்." படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தொண்ணூற்றொன்பதாம்! பச்சைப் பொய். என்னுடைய ஸ்கேட் தீட்டும் மெஷின் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது, மலரை மடித்து அதன் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். அதற்குத்தான் அது லாயக்கு.

நான் ஹென்ரிக். முப்பத்தொரு வருடமாக இந்த ஐஸ் ஹாக்கி அணியின் தளவாடங்களைப் பார்த்துக்கொள்பவன். ஸ்கேட் தீட்டுவேன், கையுறை தைப்பேன், ஹெல்மெட் துடைப்பேன். மகாரைப் பற்றி நான் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் திறக்கப்போகிறார்கள்?

மகார் ஆலைக் குடியிருப்பில் பிறந்தவன். அப்பா பிர்ச் மரத்தைத் தகடு தகடாக உரிக்கும் மெஷினில் நின்றவர். அம்மா ஆலைக் கேண்டீனில் உருளைக்கிழங்கு அடை சுட்டவள். விடிவதற்குள் பேருந்து பிடித்துப் பயிற்சிக்கு வருவான். வேகம் கிடையாது, கையில் வித்தை கிடையாது. பதினாறு வயதில் பயிற்சியாளர் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்திச் சொன்னார்: "டேய், உனக்கு இருக்கறது கை இல்ல, மரக்கட்டை. ஆனா முதுகு நல்லா அகலமா இருக்கு. போய் கோலுக்கு முன்னாடி நில்லு. யாரு தள்ளினாலும் நகராத!"

போய் நின்றான். அடுத்த பதினான்கு பருவங்களும் அங்கேதான் நின்றான். எதிரணிக் கோலுக்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன இடத்தை எங்களவர்கள் 'அஞ்சு காசு' என்பார்கள். அகலம் அவ்வளவுதான், அடி மட்டும் அளவில்லாமல் விழும். எதிரணி முதுகில் மட்டையால் குத்தும், கோல்கீப்பர் கணுக்காலில் போடுவான், நம்மாள் அடிக்கும் ரப்பர் வட்டு பின்மண்டைக்கு வரும். அந்த வட்டு அவன் மேல் பட்டுத் திசை மாறி வலைக்குள் போனால் அது அவன் கோல். முழங்காலில் பட்டுப் போனது உண்டு, தோளில் பட்டுப் போனது உண்டு. "இன்னிக்கு துபோவிக்கோட பின்பக்கம் ரெண்டு கோல் போட்டுச்சு!" என்று பார்வையாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவன் அங்கே போய் ஒரு நிமிடம் நின்று காட்டட்டும், நான் வேலையை விட்டுவிடுகிறேன்.

ஒரு குளிர்காலம் தலைநகர் மின்ஸ்க் அணி அவனைக் கூப்பிட்டது. பதினொரு ஆட்டம் ஆடினான். ஆட்டத்தில் அழகு இல்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழகு வேண்டுமென்றால் பாலே நடனம் பார்க்கப் போயிருக்கலாமே.

நான்கு பற்களை அந்த 'அஞ்சு காசு' இடத்தில் விட்டான். பல் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ரெகினா மூன்றாவது தடவை அவனைப் பார்த்ததும் கேட்டாளாம்: "இன்னும் எத்தன பல்லு மிச்சம் வச்சிருக்கீங்க?"

"நீங்க சரின்னு சொன்னா, மிச்சத்த உங்களுக்காகக் காப்பாத்தறேன்."

காப்பாற்றவில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் இன்னொன்றும் போயிற்று. ஆனாலும் ரெகினா அவனை விட்டுப் போகவில்லை.

அரங்கத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அணிக்காக நூறு கோல் போட்டவர்களின் பெயர்கள் நீலப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். மொத்தம் ஏழு பேர். ஏழாவது பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுத இடம் இருக்கிறது. எங்கள் ஆலையின் சொந்த பிளைவுட் அது. அந்தத் தகட்டை உரித்தவர் மகாரின் அப்பா. "என் மரத்துல என் பேரு வராது, உன் பேராவது வரட்டும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுச் செத்துப்போனார். மகார் அதைப் பற்றிப் பேசவே மாட்டான். ஆனால் யாரும் இல்லையென்று நினைத்து ஒருநாள் அந்தக் காலி இடத்தை உள்ளங்கையால் அளந்துகொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனேன்.

கடைசிப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அவன் வந்தபோது கணக்கில் தொண்ணூற்றொன்பது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வட்டு யார் மேல் பட்டுப் போனது என்பது மேலே உட்கார்ந்து குறிப்பெழுதும் ஆளுக்குச் சரியாகத் தெரியாது. ஒருவனுடைய பெயரைத் தப்பாக அறிவித்துவிட்டால், அந்த ஆட்டக்காரனே நடுவரிடம் போய் "என்னுது இல்ல, அவன் மேல பட்டுச்சு" என்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் கொடு என்று யாரும் போய்க் கேட்கக் கூடாது. கேட்டால் கேவலம். மகாரே இரண்டு முறை அப்படிப் போய்த் தன் பெயரில் விழுந்த கோலை அடுத்தவனுக்குக் கொடுத்தவன். அந்த இரண்டையும் வாயை மூடிக்கொண்டு வைத்திருந்தால் எப்போதோ பலகையில் ஏறியிருப்பான்.

கடைசி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு, இன்னும் நான்கு நிமிடம். ஆர்சென் என்ற இருபது வயதுத் தடுப்பாட்டக்காரன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். மகார் வழக்கமான இடத்தில் முதுகைக் கொடுத்து நின்றிருந்தான். 'டொக்' என்று ஒரு சத்தம். வீரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. ஹெல்மெட்டில் பட்ட வட்டு எகிறிக் கோல்கீப்பரின் தோளுக்கு மேலாக உள்ளே விழுந்தது. அரங்கம் எழுந்து கத்தியது. ஒலிபெருக்கி சொன்னது: "கோல்! ஆர்சென் ஹாய்துக்!"

ஆர்சென் நடுவரைப் பார்த்தான். பிறகு மேலே, டைரக்டரின் அறைக் கண்ணாடியைப் பார்த்தான். அங்கே அவனை வெளிநாட்டுக்கு எடுத்துக்கொள்ள வந்த இரண்டு பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கிச் சிரித்தான் அந்தப் பயல். மகார் போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து உள்ளே வந்ததும் கேட்டேன். "உன் மண்டையிலதானடா பட்டுச்சு?"

"பட்டுச்சு மாமா. இன்னும் காதுக்குள்ள மணி அடிக்குது."

"அப்பறம் என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கற? போய்ச் சொல்லுடா!"

"நான் போய்க் கேக்கறதா? சின்னப் பையன், பதட்டத்துல இருக்கான். அவனே சொல்லுவான், பாருங்க."

எல்லார் ஹெல்மெட்டையும் வாங்கிக்கொண்டு நான் என் அறைக்குப் போனேன். ஆட்டம் முடிந்த கால் மணி நேரத்தில் ஹெல்மெட்டுகள் கொக்கியில் தொங்க வேண்டும், அது என் பழக்கம்.

ஆர்சென் சொல்லவில்லை. மறுநாள் காலை பொறுக்க முடியாமல் நானே மகாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனேன். ஆர்செனையும் கூப்பிட்டார்கள்.

"எனக்குத் தெரியலீங்க. நான் அடிச்சேன், உள்ள போச்சு. நடுவுல என்ன ஆச்சுன்னு பாக்கல" என்றான், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"வீடியோவப் போட்டுப் பாருங்க, வாலன்தின் அதாமவிச்" என்றேன் டைரக்டரிடம்.

"கோலுக்குப் பின்னாடி இருக்கற கேமரா ஜனவரியிலேர்ந்து வேலை செய்யல, ஹென்ரிக்." டைரக்டர் டீயைக் கலக்கினார். "ஆனா நான் நியாயமான ஆளு. நம்ம ஹெல்மெட் வெள்ளை, வட்டு கறுப்பு. பட்டிருந்தா கோடு விழுந்திருக்கும்ல? கொண்டு வாங்க. கோடு இருந்தா நானே லீக்குக்கு எழுதறேன்."

மகாரின் முகம் மலர்ந்தது.

மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். இருபத்திரண்டு ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கின. பதினேழாம் எண் மகாருடையது. கழுவி வைத்த பீங்கான் தட்டு போலப் பளிச்சென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. முதல் நாள் ஸ்பிரிட் நனைத்த துணியால் நெற்றியிலிருந்து பிடரி வரை இழுத்து, நான்தான் துடைத்தேன். துணி கறுப்பானது நினைவிருக்கிறது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, மனம் முழுக்க ஆர்செனைத் திட்டிக்கொண்டிருந்தது.

"சுத்தமாத்தானே இருக்கு" என்றார் டைரக்டர்.

"நான் துடைச்சேங்க! தினமும் துடைக்கறேன்ல, உங்களுக்குத் தெரியாதா? விளம்பரக்காரங்க படம் எடுக்க வர்றாங்க, ஹெல்மெட் மின்னணும்னு உத்தரவு போட்டதே நீங்கதானே!"

"நல்ல வேலைக்காரன்யா நீ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் பழக்கம் தெரிந்துதான் அந்த ஆள் கோடு இருக்கிறதா என்று கேட்டார். எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன்.

ஆர்சென் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், அங்கே அவன் அழகாக ஆடுகிறானாம். மகாரின் முழங்கால் அதற்கு மேல் தாங்கவில்லை. இப்போது எங்கள் அரங்கத்திலேயே பனித்தளத்தை வழுவழுப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறான். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் நடக்கிறான். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேண்டீனில் என் தட்டையும் சேர்த்து எடுத்து வருவான்.

அன்றிலிருந்து என் மண்டையில் ஒன்றுதான் ஓடுகிறது. பதினான்கு பருவங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு முறை அவன் ஹெல்மெட்டைத் துடைத்தவன் நான். அந்தக் கோடுகளில் எத்தனை கோல் இருந்ததோ, யார் பெயரில் எல்லாம் போனதோ.

இந்தப் பருவம் நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். டைரக்டர் கத்தினார், கடிதம் கொடுத்தார். கிழித்துப் போட்டேன். நேற்று ஆட்டம் முடிந்ததும் மகார் கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். கொக்கிகளில் ஹெல்மெட்டுகள் கறுப்புக் கோடுகளோடு தொங்கின. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், பதினேழாம் கொக்கிக்கு முன்னால் நின்றான். அதில் இப்போது வேறு ஒருவனின் ஹெல்மெட். காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருந்தது. அதை உள்ளங்கையால் அளந்தான்.

"முன்னாடியே நிறுத்தியிருக்கலாமே, மாமா" என்றான்.

பனித்தளம் காத்திருந்தது, வண்டியை எடுக்கப் போய்விட்டான்.