பானெட்டின் அடிப்பக்கம்

டெரில் ரப் வீட்டில் நாற்பத்தொரு தோட்ட டிராக்டர்கள் இருக்கின்றன. அவன் வீட்டுப் புல்லை வெட்ட வெள்ளிக்கிழமைதோறும் வெளியாள் வருகிறான். எங்கள் ஊரில் இதைவிட அசிங்கமான விஷயம் கிடையாது என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த ஆகஸ்டில் அதையும் மிஞ்சிய ஒன்றைப் பார்த்தேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் ஆர்டித் ஸ்டக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு எழுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நானும் அந்தப் பேருந்தில் போனவன்தான். யாராவது சேட்டை செய்தால் கத்த மாட்டார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். சேட்டை செய்தவன் தானாக எழுந்து முன்சீட்டுக்குப் போகும்வரை வண்டி நகராது.

அவருடைய டிராக்டர் மஞ்சள் நிற ஹார்ட்விக். 1966இல் அவர் அப்பா புதிதாக வாங்கியது. இடுப்பு உயரம்கூட வராது. அடியில் புல்வெட்டி, குளிர்காலத்தில் முன்னால் பனி தள்ளும் தகடு. அதை வைத்துத்தான் தேவாலயத்துக் கல்லறை முழுவதையும் ஐம்பது வருடத்துக்கு மேலாக அவர் வெட்டி வருகிறார். கணவர் விர்ஜில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அந்த இடம் வரும்போது ஆர்டித் வேகத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பானெட்டைத் திறந்து, அதன் அடிப்பக்கத்தில் தச்சர் பென்சிலால் தேதி எழுதி வைப்பார். எங்கள் ஊரில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் நாலைந்து வருடத்தில் விட்டுவிடுவோம். அவர் விடவில்லை. ஐம்பத்தேழு வருடம், வரிவரியாக, ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கோட்டோடு. விர்ஜிலை அடக்கம் செய்த மறுநாளைத் தேடிப் பார்த்தேன். 'ஆயில். பிளேடு தீட்டினேன்' என்று இருந்தது.

இப்படிப்பட்ட வண்டிக்கு என் சகாக்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவார்கள். எங்கள் பழைய டிராக்டர் சங்கத்தில் அறுபது பேர். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கடையில் கூடி, முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் தின்றுகொண்டு, எந்த வருடத்து ஹார்ட்விக்கில் ஸ்டீயரிங் கறுப்பு, எதில் வெள்ளை என்று இரண்டு மணி நேரம் அடித்துக்கொள்வோம். வருடாவருடம் கண்காட்சி நடத்துவோம். அதில் பெரிய மரியாதை 'கைபடாத வண்டி' பிரிவுக்குத்தான். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்தான் இருக்க வேண்டும், எல்லாப் பாகமும் ஒன்றாகப் பிறந்திருக்க வேண்டும், பானெட்டோ சக்கரமோ வேறு வண்டியிலிருந்து வந்திருக்கக் கூடாது. அதனால் நடப்பது என்ன? புது போல்ட்டை உப்பிலும் வினிகரிலும் ஊறப்போட்டுத் துருப்பிடிக்க வைக்கிறார்கள். மங்கிய பெயின்ட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிப் பளபளக்க வைக்கிறார்கள். உழைக்காத வண்டிக்கு உழைத்த முகம் வரைகிறார்கள். நினைத்தாலே குமட்டுகிறது.

ஏப்ரல் கடைசியில் ஆர்டித்தின் வண்டியில் பின்பக்கக் கியர்ப்பெட்டி விரிசல் விட்டது. மே மாதக் கடைசியில், இறந்தவர்களின் நினைவு நாளுக்கு, ஊரே கல்லறைக்குப் பூவும் கொடியும் கொண்டுவரும். அதற்குள் புல் முழங்கால் அளவு வளர்ந்துவிடும். அந்த வண்டிக்கு இன்னொரு ஹார்ட்விக்கின் கியர்ப்பெட்டிதான் பொருந்தும். சுற்றுவட்டாரத்தில் உடைந்து கிடந்த ஹார்ட்விக் எல்லாவற்றையும் டெரில் என்றைக்கோ வாரிக்கொண்டு போயிருந்தான். அவனுடைய கொட்டகையில் அலமாரி போட்டு ஆறு கியர்ப்பெட்டிகளை, ஷோகேஸ் பொம்மை மாதிரி, துடைத்து அடுக்கி வைத்திருக்கிறான்.

அவருக்காக நான்தான் போய்க் கேட்டேன்.

"இது விக்கிற சாமான் இல்லப்பா" என்றான் டெரில். "வேணும்னா மாத்திக்கலாம். அந்தம்மா வண்டியோட பானெட்டைக் குடுக்கச் சொல்லு, ஒண்ணு எடுத்துட்டுப் போ."

பானெட் இல்லாமல் அவர் என்ன செய்வார் என்று கேட்டேன். பானெட் இல்லாவிட்டாலும் புல் வெட்டும் என்றான். அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது, ஆனாலும் போய் ஆர்டித்திடம் சொன்னேன்.

"என்ன பண்ணப் போறானாம்?"

"சுவத்துல மாட்டி வைக்கப் போறானாம்."

"சுவத்துல மாட்டட்டும். வேற வண்டில மாட்டக் கூடாது. அது என் வண்டியோட கணக்கு. இன்னொரு வண்டியோட கணக்கா அது ஆகக் கூடாது. அதை மட்டும் அவன்கிட்ட கேட்டுக்க."

கேட்டேன். டெரில் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தான். மறுநாள் நானே பானெட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, கியர்ப்பெட்டியை வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தேன். கழற்றும்போது இடப்பக்கத் திருகு ஒன்று புல்லில் விழுந்து காணாமல் போனது. மே மாதக் கடைசியில் கல்லறை பளிச்சென்று இருந்தது. ஆர்டித் எஞ்சின் வெளியே தெரிய, தலைமுடி சிரைத்தது போன்ற வண்டியில் போய்வந்து கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் கண்காட்சி. 'கைபடாத வண்டி' பிரிவுக்கு நடுவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் நான். அன்று காலை டெரில் என் வண்டிப் பக்கம் வந்து ஒரு காகிதப் பையை நீட்டினான். உள்ளே ஒரு கார்புரேட்டர். கிளம்பவே அடம்பிடிக்கும் என்னுடைய பழைய டிராக்டருக்காக ஆறு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது. "சும்மா வச்சுக்கப்பா, எங்கிட்ட தூங்கிக்கிட்டுதானே கெடக்கு" என்றான். நானும் வைத்துக்கொண்டேன்.

பிறகு வரிசைக்குப் போனால், டெரிலின் ஹார்ட்விக்கில் ஆர்டித்தின் பானெட்.

ஐந்து வண்டிகளைப் பிரித்து அவன் ஒட்டவைத்த உருப்படி அது. பானெட்டைத் திறந்து வைத்து, கூடியவர்களிடம் அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். இறந்துபோன தன் மாமா கைப்பட எழுதியதாம். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். மதிப்பெண் தாளில் 'எல்லாப் பாகமும் ஒன்றாகப் பிறந்தவை' என்ற கட்டத்துக்கு இருபது மதிப்பெண். கோட்டுப் பையில் கார்புரேட்டர் கனத்தது. நான் இருபது போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அசிங்கம் என்று இவ்வளவு நேரம் யாரையோ சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தச் சொல்லுக்கு உரியவன் நான்தான்.

பரிசு அறிவிக்க அரைமணி நேரம் இருக்கும்போது ஆர்டித் வந்தார். கண்காட்சியில் தேவாலயத்தார் போட்டிருந்த கடைக்கு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் கொடுக்க வந்தவர், செருப்பெல்லாம் வெட்டிய புல். கூட்டத்துக்குப் பின்னால் நின்று டெரில் சொல்வதை முழுதும் கேட்டார். பிறகு வழி விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"உன் மாமா கடைசியா எப்ப ஆயில் மாத்தியிருக்காரு?" என்று கேட்டார்.

டெரில் பானெட்டை மூடப் போனான். ஆனாலும் நாற்பது பேர் பார்க்கிறார்களே. குனிந்து, போன அக்டோபர் தேதியைப் பார்த்தான். அவன் மாமா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதை வாசிக்க முடியாமல் நின்றான்.

ஆர்டித் காதிலிருந்து தச்சர் பென்சிலை எடுத்தார். பானெட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, கடைசி வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்: ஆகஸ்ட் 17. ஆயில். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. மேலே வரிசையாக இருந்த ஏழுகளும் அதுவும் ஒன்றாகவே இருந்தன.

"என்ன பண்றீங்க ஆர்டித்? இது கைபடாத வண்டி" என்றான் டெரில்.

"நேத்துதான் மாத்துனேன். எழுதி வைக்கலேன்னா மறந்துபோயிடும்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பியவர் கண்ணில் நான் பட்டேன். கோபப்படவில்லை. பேருந்துக் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்தார்.

"லோவல், நீ கழட்டினப்ப அந்த இடப்பக்கத் திருகு விழுந்துச்சே, கெடைச்சுதா?"

நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன். "சரி, தேடிப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். கையெழுத்திட்டுக் கொடுத்த தாளை மாற்றக் கூடாது என்பது சங்க விதி. கமிட்டி இருபது நிமிடம் காதோடு காது பேசிவிட்டு, விதி விதிதான் என்று முடிவு செய்தது. மற்ற இருவரும் சந்தேகப்பட்டுக் குறைத்தே போட்டிருந்தார்கள். என் இருபதால்தான் டெரில் ஜெயித்தான். கோப்பையை அவன் வாங்கும்போது ஒருவரும் கைதட்டவில்லை, ஆனால் ஒருவரும் எழுந்தும் போகவில்லை. நானும்தான்.

அடுத்த வாரம் மண்டியிட்டு ஆர்டித் வீட்டுப் புல்லைத் துழாவித் திருகைக் கண்டுபிடித்தேன். கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, இதை எதில் மாட்டுவது என்று கேட்டார்.

கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். என் டிராக்டர் இப்போதெல்லாம் சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிடுகிறது.